மூன்றாவது தந்தி

ஐந்து நாற்பதுக்கு அலாரம். அணைப்பது நான்தான், முன்பு அவள். எழுந்ததும் வாசற்கதவைப் பார்ப்பேன். உள்தாழ்ப்பாள் போட்டிருக்காது. ஏழு மாதமாகப் போடுவதில்லை. பல் தேய்ப்பேன். பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். அலமாரியிலிருந்து இரண்டு தம்ளர் எடுப்பேன். ஒன்றைத் திரும்ப வைப்பேன். காபி, குளியல். இஸ்திரி போட்ட சட்டை ஐந்து தொங்கும். வாரத்துக்கானதை ஞாயிற்றுக்கிழமை மாலையே மொத்தமாகப் போட்டுவிடுவேன். ஏழே காலுக்கு இறங்குவேன். மூன்றாம் மாடி, நாற்பத்தெட்டுப் படி. ஏழரைக்குப் பேருந்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாதிப் படியில் போன் அடித்தது. அத்தை. என் மனைவியின் அம்மா.

"மாப்ள, கெளம்பிட்டீங்களா?"

"படியில இருக்கேன் அத்தை."

"நின்னு பேசுங்க. பேசிக்கிட்டே எறங்காதீங்க."

நின்றேன்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றேன். சனிக்கிழமை காலேஜுக்கு உங்களோடவே வந்துடலாம்ல?"

"வாங்க அத்தை. பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டுமா?"

"எதுக்கு, வழி தெரியாதா எனக்கு. அப்புறம் ஒண்ணு. அவ போனையும் எடுத்துட்டு வர்றேன். தெறந்துடுச்சு."

கீழ்வீட்டுக் குழந்தை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

"எப்படித் தெறந்துச்சு?"

"நேர்ல சொல்றேன். வைக்கட்டா?"

அத்தை எப்போதும் 'வைக்கட்டா' என்று கேட்பார். நான் 'சரி' என்ற பிறகுதான் வைப்பார். இருபத்தாறு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர். சரி என்றேன். மிச்சப் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். பேருந்தைத் தவறவிட்டேன்.

அந்தப் போனைத் திறக்கும் எண் தெரியாது என்று, அதை எடுத்துப்போன அத்தையிடம் ஏழு மாதத்துக்கு முன் சொன்னவன் நான். தெரியும்.

முதுகலையில் அமெரிக்க வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேருக்கு வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆறாவது அவள். முதல் வாரமே அவளுக்குக் 'கமிஷன்' என்று பெயர் வைத்தோம், விசாரணைக் கமிஷன். யார் எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பாள். யார் சொன்னது, எப்ப எழுதினது, அவருக்கு எப்படித் தெரியும். கேன்டீனில் டீ ஆறிப்போச்சு என்று ஒருவன் சொன்னதற்கும் கேட்டாள். அவன் தம்ளரை அவள் பக்கம் தள்ளி, "ஆவணம் இதோ இருக்கு, தொட்டுப் பாரு தாயே" என்றான். இரண்டாம் செமஸ்டரில் நான் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "எழுத்துல குடு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். தேதி போட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு நான் அதே கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு நடத்தப் போனேன். தற்காலிக வேலை. அவள் ஆய்வுக்குச் சேர்ந்தாள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்று ஓர் இரும்பாலை ஊர். பதினாலு மைல் மேலே மலையில் ஓர் ஏரி. பணக்காரர்கள் சேர்ந்த மன்றம் ஒன்று அதை மீன் பிடிக்க வைத்திருந்தது. எதிரெதிரே இரண்டு வண்டி போக வேண்டும் என்பதற்காக அணையின் உச்சியை மட்டம் தட்டித் தாழ்த்தினார்கள். உபரி நீர் போகும் வாயில் மீன் தப்பிக்காமலிருக்கக் கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று மழை விடவில்லை. பிற்பகலில் அணை போனது. இரண்டாயிரத்து இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

அவளுடைய ஆய்வு அணையைப் பற்றியது அல்ல. எச்சரிக்கையைப் பற்றியது. அன்றைக்கு மேலேயிருந்து மூன்று தந்திகள் வந்தன. காதில் போட்டுக்கொண்டவர்கள் மிகச் சிலர். வருஷா வருஷம் மழை வந்தால் யாராவது அணை உடையப் போகிறது என்பார்கள்; உடையாது. ஊருக்கே அது பழகிப்போன வேடிக்கை. என் மனைவி அந்த வேடிக்கையைத்தான் ஆராய்ந்தாள். 'சிரித்தவர்கள்' என்று தலைப்பிட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தாள். யார் சிரித்தார், எங்கே, அதைப் பார்த்து எழுதியவர் யார், எத்தனை வருஷம் கழித்து.

தந்தி அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றித் தனி அத்தியாயம். தண்ணீர் ஏற ஏறச் செய்தி அனுப்பியவள்; வெள்ளத்தில் போய்விட்டாள். அவள் கடைசியாக அனுப்பியது 'இது என் கடைசிச் செய்தி' என்று பின்னால் பலரும் எழுதினார்கள். என் மனைவி அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தந்திப் பெட்டிக்கு முன்னால் இருக்கும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றும் என்று இரண்டு மணி நேரம் கேட்டாள். அத்தை, "என்ன தோணும். லைன் இருக்கா இல்லையான்னுதான் தோணும்" என்றார். அதையும் குறித்துக்கொண்டாள்.

வீட்டிலும் அந்த அணை வந்துவிட்டது. எப்போது ஆரம்பித்தது என்று தேதி சொல்ல முடியவில்லை. பால் பொங்கினால், "அணை உடைஞ்சிருச்சு." சிலிண்டர் தீர்ந்தால், அணை. வாடகை கேட்டு வீட்டுக்காரர் படியேறி வரும் சத்தம் கேட்டால் கதவிடுக்கில் பார்த்துவிட்டு ஓடிவந்து, "வாத்தியாரே, அணை உடைஞ்சிருச்சு, மேட்டுக்கு ஓடு" என்பாள். என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவாள். அத்தை முன்னால் மட்டும் 'வாங்க, போங்க'. நான் என் பங்குக்கு அவளுடைய மூன்று கேள்விகளைத் தந்திக்கு ஏற்ற மாதிரி மாற்றித் திருப்பிக் கேட்பேன். "அனுப்புனது யாரு? நேர்ல பாத்தாரா? நம்பலாமா ஆளை?" ஸ்டாஃப் ரூம் வரை இது பரவியிருந்தது. பொருளாதாரம் நடத்துபவர் என்னைப் பார்த்தால், "என்னப்பா, ஊர் தப்பிச்சுதா இன்னிக்கு?" என்பார்.

எங்கள் வேலை இப்படி. ஆயிரம் பக்கம் எச்சரிக்கையைப் படித்தவர்கள் எச்சரிக்கையை வைத்து விளையாடினோம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வலது தோளில் வலி. பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து, "மொதல் தந்தி வந்திருக்கு" என்றாள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "நோட்டைத் தூக்கிட்டு அலைஞ்சா வராதா" என்றேன். புதன்கிழமை குளியலறையில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து, "ரெண்டாவது" என்று இரண்டு விரலைக் காட்டினாள். முகம் வெளுத்திருந்தது. டாக்டரிடம் போகலாமா என்றேன். சனிக்கிழமை போகலாம் என்றாள். சரி என்றேன். அந்தச் 'சரி'யைச் சொல்ல எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை போய்விட்டாள். கர்ப்பம், வர வேண்டிய இடத்தில் வராமல் கருக்குழாயில். அது கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம். கர்ப்பம் என்று எங்களுக்கே தெரியாது. "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அந்தப் பாதி வாக்கியத்தை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னா மாப்ள? போன் பண்ணினாளா?"

"காலையில பதினோரு மணிக்குப் பண்ணினா. சாப்டியான்னு கேட்டா. ஞாயித்துக்கெழமை அம்மாவைப் பாக்கப் போகணும்னு சொன்னா."

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். இன்றுவரை சொல்கிறார். "என்னையத்தான் நெனச்சுக்கிட்டுப் போயிருக்கா."

அவள் கூப்பிட்டது பதினோரு மணிக்கு அல்ல. இரண்டு இருபத்தொன்றுக்கு. அது மூன்றாவது தந்தி. அதன் பிறகு நான் இரண்டரை மணி வகுப்புக்குப் போய் ஐம்பது நிமிஷம் பாடம் நடத்தினேன்.

அவளுடைய நெறியாளர், அதாவது ஆய்வை வழிநடத்திய பேராசிரியர், உட்கார்ந்து பேசமாட்டார். அத்தியாயத்தைப் படித்துவிட்டு, நடைப்பயிற்சி போகும்போது போனில் திருத்தம் சொல்வார். மூச்சிரைப்பில் பாதி விளங்காது. அதனால் அவள் போனில் எல்லா அழைப்புகளும் தானாகவே பதிவாகும்படி வைத்திருந்தாள். வேண்டாததைப் பிறகு அழித்துவிடுவாள். அந்த வெள்ளிக்கிழமை எதையும் அழிக்க அவளுக்கு நேரமில்லை.

செவ்வாய்க்கிழமை தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். நெறியாளர் ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நடந்துகொண்டிருந்தார். அவளுடைய ஆய்வேட்டைத் துறைச் செலவில் ஐம்பது பிரதி கட்டி சனிக்கிழமை வெளியிட ஏற்பாடு செய்தவர் அவர்தான். பல்கலைக்கழகத்துக்கு நாலு முறை ஏறி இறங்கியிருக்கிறார். கையில் ஒரு தாள்.

"முன்னுரை. இது மட்டும்தான் பாக்கி. பாத்துட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லு, பைண்டிங் கடைக்கு அனுப்பிடலாம்."

படித்தேன். நல்ல நடை. கடைசிப் பத்தியில் இருந்தது: 'இறப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன் கணவரிடம் அவர் சொன்ன கடைசி வார்த்தைகள், "மூன்றாம் அத்தியாயம் முடிந்துவிட்டது" என்பதே. ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்.'

இதைச் சொன்னதும் நான்தான். பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்து, அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதபோது சொன்னேன். அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது.

"உங்க மாமியார்கிட்டயும் இதைப் போன்ல படிச்சுக் காட்டினேன்" என்றார். "அழைப்பிதழ் அனுப்பினப்போ. ஒண்ணும் பேசல பாவம். திரும்ப ஒருதரம் படிக்கச் சொன்னாங்க."

"எப்ப சார்?"

"போன வாரம். ஏன், எதாவது பிழை இருக்கா?"

"பாத்துச் சொல்றேன்."

ஒரே சாட்சி, ஒரே நிகழ்ச்சி, இரண்டு வாக்குமூலம். இரண்டிலும் கேட்பவருக்கு வேண்டியது இருக்கிறது. இப்படி ஒரு சாட்சியைக் கண்டால் கமிஷன் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பாள்.

வியாழக்கிழமை இரண்டரை மணி வகுப்பு. பாடத்திட்டப்படி தொழில் வளர்ச்சிக் காலம். ஜான்ஸ்டவுனைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஏரி, மன்றம், மீன் தடுப்பு, மூன்று தந்தி என்று கரும்பலகையில் எழுதினேன். அதே அறை. அதே ஜன்னல் பக்க மின்விசிறி, நாலு சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்று அடிக்கும். அவள் போன அன்றைக்கும் இதே நேரம் அடிமை முறை ஒழிப்புச் சட்டத்திருத்தத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைவு. ஒரு பையன் சந்தேகம் கேட்டான். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிஷம் நின்று பதில் சொன்னேன்.

கடைசி பெஞ்சில் இருக்கும் பெண் கையைத் தூக்கினாள். வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறப்பவள்.

"சார், தந்தி வந்தப்ப அதை வாங்குன ஆளுங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"அவங்கவங்க வேலையைப் பாத்துட்டிருந்தாங்க."

"செத்துட்டாங்களா?"

"சிலர் பொழச்சாங்க. ரயில்வேயில வேலை பாத்தவங்க. கம்பெனி வக்கீல்கள் கூப்பிட்டு விசாரிச்சப்ப சாட்சி சொன்னாங்க."

"நெஜத்தைச் சொன்னாங்களா சார்?"

யாரோ சிரித்தான். "அவளே கேட்டுட்டா, எழுதிக்கடா" என்றான்.

"அது அவங்க சொல்றதை மட்டும் வச்சுத் தெரியாது" என்றேன். "வேற ஆவணம் வேணும்."

மின்விசிறி டக்கென்று அடித்தது. பாக்கி நிமிஷங்களுக்கு அவர்களையே படிக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு. கிளம்பும்போது நெறியாளர், "தாளைப் பாத்துட்டியா?" என்றார். அஞ்சு மணிக்குள் சொல்கிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன். பொருளாதாரத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மாதமாக அவர் என்னிடம் சம்பளக் கமிஷனைத் தவிர எதுவும் பேசுவதில்லை. அன்று அந்த அறையில் இருந்தவர். அவரும் மூச்சு விடவில்லை.

வீட்டைப் பெருக்கினேன். தண்ணீர் பிடித்து வைத்தேன். மூன்றே காலுக்குப் படியில் அத்தையின் செருப்புச் சத்தம். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது. மூன்றாம் மாடியில் நின்றது. கதவைத் தட்டவில்லை. தள்ளினார்; திறந்தது.

"தாழ் போடறதில்லையா மாப்ள? எவனாவது பூந்து அள்ளிட்டுப் போகப் போறான்."

"என்ன இருக்கு அத்தை அள்ள."

"நாளைக்குப் போட இஸ்திரிச் சட்டை ஒண்ணு தொங்குதே." அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். "எளைச்சுட்டீங்க. காலர் கழுத்தைச் சுத்தி ரெண்டு ரவுண்டு வரும் போலிருக்கு."

காபி போட்டேன். இரண்டு தம்ளர், இரண்டும் வேலைக்கு வந்தன. அத்தை பாதி குடித்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். முதலில் அழைப்பிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் போனை வைத்தார். நீல உறை. ஓரத்தில் அவள் பல்லால் கடித்த தடம் இருந்தது. யோசிக்கும்போது கடிப்பாள்.

"இந்தப் பத்திரிகையில பாருங்க. புஸ்தகத்தோட பேரு."

பார்த்தேன். '1889: கேட்காத எச்சரிக்கை.'

"நாலு நம்பர். அவ போனும் நாலு நம்பர். போட்டுப் பாத்தேன், தெறந்துடுச்சு. உங்க அளவுக்குப் படிக்காதவ எனக்கே தோணுச்சு. உங்களுக்குத் தோணலியா?"

நான் உறையின் ஓரத்துக் கடித்தடத்தைப் பார்த்தேன்.

"சரி, விடுங்க." தம்ளரைத் தள்ளி வைத்தார். "நான் எதையும் கேக்கல. அதை மொதல்ல சொல்லிடறேன். எங்க வேலையில அது மொத பாடம். லைனைக் குடுத்துட்டுக் கையை எடுத்துடணும். அடுத்தவங்க பேச்சுல காது வைக்கக் கூடாது. சூப்பர்வைசர் பின்னாலயே நிப்பா, கழுகு மாதிரி. ஒருத்தி கேட்டான்னு வேலையே போச்சு. ஆனா சீட்டு எழுதணும். யாரு யாரைக் கூப்பிட்டாங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். அது எங்க கடமை."

"தெரியும் அத்தை."

"அதைப் பாத்தேன். சீட்டை மட்டும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திறந்து நீட்டினார். "பதினோரு மணிக்குக் கூப்பிட்டான்னீங்க. காலையில கூப்பிடவே இல்ல. ரெண்டு இருபத்தொண்ணுக்குக் கூப்பிட்டிருக்கா. ஒரு நிமிஷம் அம்பத்தெட்டு விநாடி. சாப்டியான்னு கேக்க ஒரு நிமிஷம் அம்பத்தெட்டு விநாடி ஆகுமா?"

கீழே தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை இழுத்து மூடினார்கள். பட்டப்பகலில் எதற்கு மூடுகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன்.

"அப்புறம் அந்தப் ப்ரொபசரு. ஏதோ மூணாவது பாடம் முடிஞ்சுதுன்னு சொன்னாளாமே. என்கிட்ட நீங்க சொன்னதுல அது இல்ல. அவர்கிட்ட சொன்னதுல சாப்பாடு இல்ல."

"அத்தை."

"இருங்க. நான் இன்னும் லைன்ல இருக்கேன்." அது அவர் பழைய வேடிக்கை. சிரிக்காமல் சொன்னார். "ஒருதரம் அவ எனக்குச் சொல்லிக் குடுத்தா. என்னையே உக்காரவச்சுக் கேள்வி கேட்டாளே, அன்னிக்கு. ஏண்டி, இதெல்லாம் எங்க ஆபீஸ் ரெக்கார்டுலயே இருக்குமே, என்னைப் போட்டு ஏன் கொடையறன்னேன். மொதல்ல ஆளைக் கேக்கணும்மா, அப்புறந்தான் தாளைப் பாக்கணும்னா. தாளை மொதல்ல காட்டிட்டா ஆளு தாளுக்கு ஏத்த மாதிரி பேசுவாங்களாம்."

போனை மேசையின் நடுவில் வைத்தார். திரையில் அந்த ஒரு வரி. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'வாத்தியார்'. பக்கத்தில், பதிவைக் கேட்பதற்கான சின்ன முக்கோணம்.

"பேசினவங்க ரெண்டு பேரு. அவ இல்ல. நீங்க சம்மதிச்சா கேக்கலாம். வேணாம்னா இப்பவே உங்க கையால அழிச்சுடுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். நீங்க சொன்னதே எனக்குப் போதும்னு வச்சுக்குவேன். எத்தனையோ பேர்கிட்ட சொல்லிட்டேன், இனிமே மாத்தவா போறேன். ஆனா மொதல்ல நீங்க சொல்லணும். என் பொண்ணு என்ன சொன்னா?"

அழித்துவிடலாம். நீல உறை என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கு இந்த ஊரில் படியேறி வருகிற ஆள் அத்தை ஒருவர்தான். தாழ் இல்லாத கதவைத் தள்ளி, சட்டையைப் பார்த்து, இளைத்துவிட்டீர்கள் என்று சொல்ல வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால் அவர் காபியைக் கழுவி வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோபமாகக்கூட இருக்காது. வைக்கட்டா என்று கேட்டுவிட்டுப் போவார்.

பையிலிருந்து முன்னுரைத் தாளை எடுத்தேன். கடைசிப் பத்தியைக் குறுக்கே அடித்தேன். பேனா மூடியைப் போட்டேன். பிறகு சொன்னேன். எழுதிக் கொடுத்ததுபோல வரிசையாகச் சொன்னேன்.

ஸ்டாஃப் ரூமில் இருந்தேன் அத்தை. சாப்பிட்டு முடித்த நேரம், ஐந்தாறு பேர் இருந்தார்கள். போனை எடுத்தேன். "அணை உடைஞ்சிருச்சு வாத்தியாரே" என்றாள். சத்தம் சின்னதாக இருந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் கேட்கட்டும் என்று பிடித்தேன். பொருளாதாரத்துக்காரர், "எத்தனாவது அணைம்மா இந்த வாரம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள், "வெளையாட்டு இல்ல, வயிறு ரொம்ப வலிக்குது, நிக்க முடியல. வண்டி கூப்பிட்டு நானே போயிடட்டுமா, இல்ல நீ வர்றியா?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா அத்தை. "அனுப்புனது யாரு, நேர்ல பாத்தாரா, நம்பலாமா ஆளை" என்றேன். மறுபடி சிரிப்பு. நான்தான் அதிகம் சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது, இல்லை, அது மூச்சாகவும் இருக்கலாம். கேட்டால் தெரியும். பிறகு, "வண்டி வேணாம், இரு, இதோ வந்துட்டே இருக்கேன்" என்றேன். அதை நம்பித்தான் அவள் வேறு யாரையும் கூப்பிடவில்லை. மணி அடித்தது. ஒரு வகுப்புத்தானே, முடித்துவிட்டுப் போகலாம் என்று போனேன். வகுப்பு முடிந்து டீ குடித்தேன். வீட்டுக்கு வந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. நாற்பத்தெட்டுப் படியையும் ஒவ்வொன்றாகத்தான் ஏறினேன். அந்தக் கதவு சும்மா சாத்தியிருந்தது. நான் குப்பை கொட்டப் போனால்கூட இரண்டு தாழும் போடுகிறவள். செருப்பைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்குப் பின்னால்.

அத்தை திரும்பிச் சுவரைப் பார்த்தார். தம்ளரில் மிச்சக் காபியின்மேல் ஆடை படிந்திருந்தது.

"வந்துட்டே இருக்கேன்னு சொன்னீங்க" என்றார்.

"ஆமா."

"அதுக்கு அவ என்ன சொன்னா? அதைச் சொல்லல நீங்க."

அதைச் சொல்லவில்லை.

அத்தை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். முக்கோணத்தின்மேல் விரலை வைத்தார், அழுத்தாமல். "லைனைக் குடுக்கட்டா?" என்றார். அவர் குரல் வேலைக்காலக் குரலாக மாறியிருந்தது.

"குடுங்க" என்றேன்.

இரைச்சல். நாற்காலி நகரும் ஒலி. எங்கள் சிரிப்பு, நான் நினைத்திருந்ததைவிட நீளமாக இருந்தது. நடுவே அவளுடையது, சிரிப்பு இல்லை, மூச்சுத்தான். பிறகு என் குரல், இதோ வந்துட்டே இருக்கேன். பிறகு அவள்.

"சிரிச்சு முடிச்சுட்டே வா வாத்தியாரே. கதவைத் தாழ் போடாம வச்சிருக்கேன்."